பாக்கி வைக்காத அக்கா

யார் எதைக் கொடுத்தாலும் அக்கா திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தால் கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வராது. சுடுசொல் ஒன்றைக் கொடுத்தாலும் அப்படித்தான். குழம்புக்குப் பதில் மறுநாளே வந்துவிடும். சொல்லுக்குக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்தோலை, அப்பர் என்போம், அதைத் தைக்கும் லைனில் எனக்கு அடுத்த மெஷின் அவருடையது. ஊரும் பக்கத்து ஊர்தான். காலையில் ஒரே கம்பெனி வேனில் போவோம், சாயங்காலம் ஒரே வேனில் திரும்புவோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேனில் எனக்குக் கிடைத்த ஜன்னல் சீட்டை, அவருக்கு வாந்தி வருகிறது என்று எழுந்து கொடுத்தேன். அதை நான் அன்றே மறந்துவிட்டேன். என் மகன் வயிற்றிலிருந்து வருவதற்குப் பாடாய்ப் படுத்தி, என்னை வேலூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டிருந்தபோது, சம்பளத்தை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அக்காதான். “ஏங்க்கா லீவு போட்டீங்க?” என்று கேட்டதற்கு, “நீ சீட்டு குடுத்த இல்ல?” என்றார்.

நல்லதுக்கு இப்படி. கெட்டதுக்கு அவர் செய்ததை ஒன்று சொல்கிறேன்.

அவருடைய ஊரில் ஒரு பெரிய வீடு. கல்யாணமான புதிதில் அக்கா அங்கே கடலை பறிக்கப் போவார். தண்ணீர் கேட்டால், கொல்லைச் சுவரின் மேல் கவிழ்த்து வைத்திருக்கும் நசுங்கின டம்ளரை எடுத்துக்கொள்ளச் சொல்வார்களாம். குடித்துவிட்டு அவரே கழுவி அங்கேயே கவிழ்த்து வைக்க வேண்டும். அக்கா அப்படியே குடித்தார். கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டார். வருஷங்கள் போய், அந்த வீட்டம்மா பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றார். ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாக வந்து, அக்கா வீட்டு வாசலிலும் நின்றார். “உள்ள வாங்கம்மா, வெயில்ல வந்துக்கிறீங்க” என்று நாற்காலி போட்டு உட்காரவைத்து, பளபளவென்று புது எவர்சில்வர் டம்ளரில் மோர் கொடுத்தார் அக்கா. அந்தம்மா எல்லோரும் பார்க்கும்படி அண்ணாந்து குடிக்காமல் வாய் வைத்தே குடித்தார். ஓட்டு வேண்டுமே! குடித்து முடித்ததும் அக்கா டம்ளரை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்த் தெருச் சாக்கடையில் போட்டார்.

“கழுவி வெச்சா போதும்னு சொல்வாங்க. எங்க ஊட்ல அந்தப் பழக்கம் இல்லமா” என்றார், சிரித்துக்கொண்டே.

இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. கூட வந்தவர்கள் சொல்லி ஊரே பேசியது. நான் கேட்டபோது, “டம்ளரு நல்ல கனம்டி. போனது போனதுதான்” என்று மட்டும் சொன்னார்.

அக்காவின் கணவர் இதற்கு நேர் எதிர். நான் மாமா என்று கூப்பிடுவேன். லோடு ஆட்டோ வைத்திருந்தார். தோல் ஷாப்பிலிருந்து பதமாகி வரும் தோல் கட்டுகளைக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய் இறக்குவார். யாராவது திட்டினால், திட்டினவருக்குத் தொண்டை வலிக்குமே என்று கவலைப்படுகிற ஆள். அக்கா ஒரு தடவை வேனில் என்னிடம் சொன்னார்: “அவருக்கும் சேத்து நாந்தான் கோவப்பட வேண்டிக்கிது. டபுள் ஷிப்டு.”

ஆட்டோ இன்ஜின் உட்கார்ந்துவிட்டபோது மாமா யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, போனில் வந்த ஒரு கடன் ஆப்பில் வாங்கிவிட்டார். வாங்கின காசு எப்போதோ கட்டி முடிந்தது. அதன் வட்டி, தாமதமானதற்கு அபராதம், அந்த அபராதத்துக்கு வட்டி என்று அது மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. பிறகு போன் வர ஆரம்பித்தது. மாமாவுக்கு மட்டுமில்லை. அவர் போனில் யார் யார் நம்பர் இருந்ததோ அத்தனை பேருக்கும். எனக்கே வந்தது. “இந்த ஆளு உங்களுக்கு இன்னா வேணும்? திருடன்கூடலாம் சகவாசம் வெச்சிருக்கீங்களே, குடும்பப் பொம்பளதான நீங்க?” என்றான் ஒருவன். அக்கா போகிற சர்ச்சின் பாஸ்டருக்குப் போனது. தோல் ஷாப் மேனேஜருக்குப் போனது. கடைசியில் மாமாவின் ஆதார் போட்டோவின் மேல் சிவப்பெழுத்தில் ‘திருடன்’ என்று போட்டு எல்லோருடைய வாட்ஸ்அப்புக்கும் அனுப்பினார்கள்.

லோடு ஏற்றுகிற ஆட்கள் விளையாட்டாகத்தான் கேட்டார்களாம், “இன்னா திருடா, டீ சாப்டலாமா?” என்று. மாமாவும் சிரித்தாராம். அன்றைக்கு மதியம் தோல் ஷாப் வாசலில் ஆட்டோவிலேயே ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்து கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்துவிட்டார்கள். அவரைத் தூக்கி இறக்கும்போதும் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் மாரடைப்பு என்றார். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்து என்னிடம், “அவருக்கு எதுவும் சொல்லத் தெரியாதுடி. கொன்னாங்கன்னு நாந்தான் சொல்லணும்” என்றார்.

மறுநாள் பெட்டிக்குள் மாமாவைப் படுக்கவைத்து மாலை போட்டிருந்தது. வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகள் அப்பாவின் காலடியில் சுருண்டு கிடந்தாள். அப்போதும் அந்தப் போன் அடித்தது. அக்காதான் எடுத்தார்.

“அவரு செத்துட்டாருப்பா” என்றார்.

“எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. போட்டோ அனுப்பு, பாக்கலாம்” என்றது அந்தக் குரல்.

அக்கா எழுந்து நின்று, மாலையோடு இருந்த முகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. எழுத்து எதுவும் இல்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று.

அக்கா அதை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

அதோடு நிற்கும் என்று நாங்கள் நினைத்தோம். நிற்கவில்லை. கடன் வாங்கும்போது நாமினி என்று அக்கா பெயரைக் கொடுத்திருந்தாராம் மாமா. இனி அவர்தான் கட்ட வேண்டுமாம். போலீசில் போய்ச் சொன்னோம். எழுதி வாங்கிக்கொண்டு, சிம் கார்டை மாற்றிவிடுங்கள் என்றார்கள். “நான் ஏன் மாத்தணும்? நான் இன்னா திருடியா?” என்று வந்துவிட்டார் அக்கா. பாஸ்டர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணி, அவர்களை மன்னித்துவிடும்படி சொன்னார். “மன்னிக்கிறது கர்த்தரு வேல ஐயா. அவரு வேலைய நான் ஏன் புடுங்கணும்?” என்றார் அக்கா.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து வேலைக்கு வந்தவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. எங்கள் கம்பெனியில் போனை கேட்டிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அவன் கூப்பிடுவான். அந்தக் கட்டைவிரல்காரன்தான், குரலில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. விக்ரம், லீகல் டிபார்ட்மெண்ட் என்று சொல்லிக்கொள்வான். எல்லோரும் அந்தப் போனை எடுத்தால் நடுங்குவார்கள், அல்லது திட்டுவார்கள். அக்கா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, “சொல்லு தம்பி” என்பார். “கட்டிடறேன் தம்பி. சீட்டுப் பணம் எடுத்ததும் உனக்குத்தான் மொதல்ல. நீ சாப்ட்டியா?” என்பார். அவன் கத்துவான். இவர் கேட்டுக்கொண்டே இருப்பார். லைன் பெண்கள் எல்லோரும், புருஷன் போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

நானும் கேட்டேன். “ஏங்க்கா அவங்கிட்டப்போய் கொஞ்சிக்கினு இருக்கீங்க? சீன்னு வருது.”

“அவன் பேச்ச நல்லா கேளு. இன்னான்றான், பேஜார்ன்றான், கம்மி ஜாஸ்தின்றான். மெட்ராசுல குந்திக்கினு பேசறான், ஆனா நம்ம பக்கத்துப் பையன்டி இவன். எந்தத் தெருன்னு மட்டும்தான் தெரியல.”

தெரு தெரியவந்தது ஒரு நல்ல வார்த்தையால்தான். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் என்னவோ செய்யும். அக்காவுக்கு ஒரு மாதம் விடாத இருமல். அன்று போனில் இருமி இருமிப் பேச முடியாமல் நிறுத்தினார். அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தவனும் நிறுத்தினான். பிறகு வேறு குரலில், “சுடுதண்ணி குடிம்மா” என்றான். “எங்கம்மாவுக்கும் இப்டித்தான். பீடி சுத்தி சுத்தி, அந்தத் தூளு நெஞ்சுல எறங்கிச்சு. தூதுவள ரசம் வெச்சா கொஞ்சம் தேவல.”

“எந்த ஊருப்பா அம்மா?”

“பேரணாம்பட்டு. தண்ணி டேங்குக்குப் பின்னாடி. தனியாத்தான் இருக்காங்க” என்றான். அப்புறம்தான் சுதாரித்திருக்க வேண்டும். “அதெல்லாம் உனக்கெதுக்கு? நாளைக்குப் பணம் வரல, உம்பொண்ணு காலேஜுக்குப் போன் போகும்” என்று வைத்துவிட்டான்.

அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. “ஞாயித்துக்கெழம உனக்கு வேல கீதா?” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச்சுக்குப் போகவில்லை. காலையிலேயே அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: இன்று பதினொரு மணிக்குள் முழுப் பணமும் போட்டுவிடுகிறேன், நம்பு தம்பி. பிறகு இரண்டு பேரும் பேரணாம்பட்டு பஸ்ஸில் ஏறினோம். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டார். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போவது அவருக்கு ஆகாது.

தண்ணீர் டேங்குக்குப் பின்னால் பீடி சுற்றாத வீடு எது? வாசலுக்கு வாசல் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். “மெட்ராசுல வேல செய்ற பையனோட அம்மா, இருமிக்கினே இருப்பாங்களே” என்று கேட்டதும் கையைக் காட்டிவிட்டார்கள். ஒல்லியான அம்மா. எங்களைப் பார்த்ததும் முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். “உங்க பையனத் தெரியும்மா. தினம் போன்ல பேசுவாரு. இந்தப் பக்கம் வந்தோம், பாத்துட்டுப் போலாம்னு” என்றார் அக்கா. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. மகன் பேங்கில் வேலை செய்கிறான், ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை, ஞாயிற்றுக்கிழமைகூட லீவு தர மாட்டேன் என்கிறார்கள், அவ்வளவு பொறுப்பு என்றார். டீ போட்டுக் கொடுத்தார். அக்காவின் கணவர் இறந்துவிட்டார் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். “எவ்ளோ நாளாச்சு? ஐயோ, நல்லா இருந்த மனுசனா?” என்று கண் கலங்கினார். நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். அக்காவின் சேலையை மெல்ல இழுத்து, போய்விடலாம் என்று கண்ணைக் காட்டினேன். அவர் என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்தார்.

பதினொரு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

அக்கா அதை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, பீடி இலைகளுக்கு நடுவில் முறத்திலேயே வைத்தார். “சொல்லு தம்பி” என்றார்.

“ஏன்டி, காசு எங்கடி?” என்று ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அவன் பேசியதில் பாதியை எழுத முடியாது. அக்காவைப் பற்றி, அவர் உடம்பைப் பற்றி, கம்பெனியில் அவர் யார் யாருடன் போகிறார் என்பதைப் பற்றி. “புருஷன முழுங்கிட்ட. இப்ப என் இன்சென்டிவயும் முழுங்கப் பாக்கறியா? உம்பொண்ணு போட்டோ எங்கிட்ட கீது. அத எப்டி எப்டி மாத்தி எங்க எங்க போடணும்னு எனக்குத் தெரியும். உம்புருஷன் தொங்கறதுக்குள்ள தானா செத்துட்டான். நீ கயிறு வாங்கி வெச்சிக்கோ.”

முதல் சொல்லிலேயே அந்த அம்மாவுக்குக் குரல் தெரிந்துவிட்டது. கையில் பாதி சுற்றிய பீடி இருந்தது. அது அப்படியே நின்றது. அக்கா அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மூச்சு வாங்க நிறுத்தினான்.

அந்த அம்மா போனின் பக்கம் குனிந்தார்.

“கண்ணா, சாப்ட்டியாடா?” என்றார்.

அந்தப் பக்கம் நிறைய பேர் பேசும் சத்தம் மட்டும் கேட்டது. அவனைப் போல எத்தனை பையன்களோ. பிறகு சின்னப் பையன் குரலில், “ம்மா?” என்றான். போன் கட்டானது.

அந்த அம்மா அழவில்லை. போனில் ஒட்டியிருந்த புகையிலைத் தூளை முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் அக்காவிடம் கொடுத்தார். “தெனம் இப்டித்தான் பேசுவானா?” என்றார்.

“எங்கிட்ட மட்டும் இல்லமா.”

“இந்தக் காசுலதான் எனக்கு மாத்திர வாங்கி அனுப்பறான்” என்றவர், சட்டென்று குனிந்து அக்காவின் காலைத் தொட வந்தார். அக்கா காலை இழுத்துக்கொண்டார். “நீங்க ஒண்ணும் பண்ல. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா அவன் பேசறத நீங்க கேட்டுருக்கணும்” என்று சொல்லிவிட்டு, வாழைப்பழத்தை முறத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன்.

“அந்தம்மா இன்னாக்கா பண்ணுச்சு? அது நெஞ்சே ஒடஞ்சுபோச்சு.”

“ஒண்ணும் பண்ல.”

“அப்பறம்?”

“எங்க ஊட்டுக்காரரு மட்டும் இன்னா பண்ணாரு?” என்றார். கொஞ்சம் கழித்து, “அவன நான் அடிச்சா ஆறிடும்டி. திட்டுனா ஒறைக்காது, அவன் தொழிலே அது. எங்க தொட்டா ஆறாதோ அங்கதான் தொடணும்” என்றார். கையிலிருந்த பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அவரிடம் முதல் தடவையாகப் பயம் வந்தது அன்றைக்குத்தான். அந்தப் பயத்தோடு, அவர் தோளில் சாய்ந்துகொள்ளவும் வேண்டும் போலிருந்தது.

அதற்குப் பிறகு விக்ரமிடமிருந்து போன் வரவில்லை. வேறொரு பெண் குரல் இரண்டு தடவை கூப்பிட்டது. “உன் ஊரு எதும்மா? அம்மா இருக்காங்களா?” என்று அக்கா கேட்டதும் அதுவும் நின்றுபோனது. அவர்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், ஷிப்ட் முடிந்து கும்பலாக வெளியே வருகிறோம். கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு பையன் நின்றிருந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. மாமாவின் விலாசமும் எங்கள் நம்பர்களும் அவன் கையில் இருந்தவைதானே. அவனுக்குத் தெரியாதா, எங்களைக் கண்டுபிடிக்க? வேனில் ஏறப் போன அக்காவின் குறுக்கே வந்து நின்றான். “அம்மா” என்றான். அந்த ஒரு சொல்லிலேயே அவன் யாரென்று எனக்கும் தெரிந்துவிட்டது.

“வேலய வுட்டுட்டம்மா” என்றான். “ஓசூர்ல ஒரு குடோன்ல சேந்துட்டேன். தப்புத்தான். கால்ல வேணாலும் வுழறேன்.”

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு சின்னவனாக இருப்பான் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

“இன்னா வேணும் உனக்கு?”

“எங்கம்மா எங்கிட்ட பேச மாட்டேன்றாங்க. ஊட்டுக்குப் போனா சோறு போட்டு வெச்சிட்டு வெளிய போயிடறாங்க. காசு அனுப்புனா அப்டியே திரும்பி வருது. தெனம் போன் பண்றேம்மா. ரிங்கு போவுது, எடுக்க மாட்டேன்றாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க.” அவன் அழுதான். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். “ஒரே ஒரு வாட்டி எடுக்கச் சொல்லுங்கம்மா.”

அக்கா ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மன்னித்துவிடுவார் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அவன் தலையிலிருந்து மழைத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அக்கா குடையைச் சற்றுச் சாய்த்து அவன் தலைக்கும் பிடித்தார்.

“நீ பண்ணிக்கினே இருப்பா” என்றார், மெதுவாக, வேப்பமரத்தடியில் பேசுவாரே அதே குரலில். “எடுக்கலன்னா திரும்பப் பண்ணு. காலைல பண்ணு, சாப்புடற நேரத்துல பண்ணு. உனக்குத் தெரியாததா?”

குடையை இழுத்துக்கொண்டு வேனில் ஏறினார். நானும் ஏறினேன். டிரைவர் கதவைச் சாத்தினார். வேன் திரும்பும்போது கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்தேன். அவன் அங்கேயே, மழையில், போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

“எடுத்தாங்களா?” என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

“இல்லக்கா.”

“ம்” என்றார்.